மெராபியின் சேறும் கல்கத்தாக் கல்லும்

கி.பி. 1041-ல் ஜாவாவின் அரசர் ஐர்லங்கா ஒரு கல்வெட்டு நாட்டினார். ஒரு பக்கம் வடமொழி, மறுபக்கம் பழைய ஜாவா மொழி. கிழக்கு ஜாவாவின் பெனங்குங்கான் மலைச்சரிவில் நின்ற அந்தக் கல், ஆங்கிலேயர் ஜாவாவை ஆண்ட சில ஆண்டுகளில், அங்கே ஆளுநராயிருந்த ராஃபிள்ஸ் காலத்தில், கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. இன்று அது இந்திய அருங்காட்சியகத்தின் உடைமை. ஊர்ப்பெயரால் புச்சாங்கான் கல்வெட்டு என்பார்கள். ஆய்வாளர்களிடையே கல்கத்தாக் கல் என்ற பெயரே பழகிவிட்டது.

அந்தக் கல்லில் ஜாவா நாடு ‘பிரளயம்’ கண்டதாக ஒரு செய்தி வருகிறது. நடு ஜாவாவின் மெராபி எரிமலை வெடித்து, அதன் சேறும் சாம்பலும் மாதராம் அரசை மூடியதைத்தான் அது சொல்கிறது என்று இருபதாம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். பள்ளிப் பாடத்திலும் சுற்றுலாக் கையேட்டிலும் அது உறுதியான வரலாறு போலவே ஏறிவிட்டது. சேறு ஒரு நாட்டை மூடியதா, இல்லையா? இந்தக் கேள்வியைத்தான் நான் துரத்திக்கொண்டு போனேன்.

புதுப்பட்டினத்தில் இருப்பவனுக்கு ஜாவாவில் என்ன வேலை என்று கேட்கலாம். தெற்கே சிறிது தூரத்தில் பாலாற்று முகத்துவாரத்தருகே வயலூர். அங்கே ஒரு தூணில் ராஜசிம்ம பல்லவன் தன் முன்னோர் பட்டியலைப் பொறித்து வைத்திருக்கிறான். வடக்கே மாமல்லபுரத்தில், தருமராச ரதத்தின் சுவர்களில் பல்லவர் விருதுப் பெயர்கள். இதே எழுத்து மரபில், ராஜசிம்மன் காலம் முடிந்த சில ஆண்டுகளிலேயே, கி.பி. 732-ல், நடு ஜாவாவின் ஒரு குன்றின்மேல் லிங்கம் நாட்டியதைப் பொறித்தான் சஞ்சயன் என்ற அரசன். அவன் வழியில் வந்ததே மாதராம் அரசு. அதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை வைத்து, நெசவுத் துணியைப் பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். வயலூர்த் தூணின் எழுத்தைப் பழகிய கண்ணுக்குச் சஞ்சயனின் அந்தச் சங்கால் கல்வெட்டின் படத்தில் பல எழுத்துகள் தெரிந்த முகங்களாக இருக்கும். என் தேடலும் அப்படித்தான் அந்தத் தீவுக்குள் போனது.

இன்னொரு இழையும் உண்டு. காலின் மெக்கன்சி என்ற அளவையாளரைத் தமிழகத்தின் ஓலைச்சுவடி ஆர்வலர்கள் அறிவார்கள்; அவர் திரட்டியவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. அவருடைய உதவியாளர் காவலி லட்சுமய்யா 1803-ல் எழுதிய மாமல்லபுரக் குறிப்பு, 1869-ல் கார் என்பவர் தொகுத்த நூலில் அச்சாகியிருக்கிறது. அதே மெக்கன்சி 1811-ல் ஆங்கிலப் படையோடு ஜாவா போனார். 1812 தொடக்கத்தில் பிரம்பனான் கோயில் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்து ஒரு பயணக் கட்டுரையும் எழுதினார். பிரம்பனான் நிற்பது மெராபியின் தெற்கு அடிவாரச் சமவெளியில், ஓபாக் ஆற்றங்கரையில். அந்த ஆறு பிறப்பதே மெராபியின் சரிவில்தான்.

இனி வழக்குக்கு வருவோம்.

நடு ஜாவாவில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் போரோபுதூரும் பிரம்பனானும் எழுந்தன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு அங்கே பெரிய கோயிலும் இல்லை, அரசக் கல்வெட்டும் இல்லை. அரசு கிழக்கு ஜாவாவுக்குப் போய்விட்டது. ஏன் போனது என்று ஒரு கல்லும் சொல்லவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வந்தவர் டச்சு நிலவியலாளர் வான் பெம்மெலன். 1949-ல் வெளியான இந்தோனேசிய நிலவியல் பற்றிய தமது பெரிய நூலில் அவர் சொன்னது இது: 1006-ல் மெராபி பயங்கரமாக வெடித்தது; அதன் மேற்குப் பக்கம் சரிந்து வழுக்கியது; அந்தச் சரிவு முட்டி நிலம் மடிந்ததால் எழுந்தவையே அடிவாரத்துக் கெண்டோல் குன்றுகள்; ஆறு அடைபட்டுப் போரோபுதூர்ப் பக்கம் ஏரி தேங்கியது; மாதராம் அழிந்தது. 1006 என்ற ஆண்டை அவருக்குக் கொடுத்தது கல்கத்தாக் கல்.

முதல் ஓட்டை அந்த ஆண்டிலேயே இருக்கிறது. கல்லைப் படித்து வெளியிட்ட ஹென்ட்ரிக் கெர்னின் வாசிப்பை ஒட்டிச் சக ஆண்டு 928 என்று கொண்டார்கள், அதுதான் 1006. பின்னர் ஜாவாக் கல்வெட்டுகளின் நாள்களையெல்லாம் திரும்பக் கணக்கிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி-ஷார்ல் டாமே அதை 938 என்று படித்தார், அதாவது 1016-17. தேய்ந்துபோன கல்லில் ஒரே ஓர் இலக்கம். அது மாறினால் வான் பெம்மெலனின் வெடிப்பு பத்து ஆண்டு தள்ளிப் போகிறது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. பிரளயம் எப்படி வந்தது என்பதைக் கல்லே சொல்கிறது. வுரவாரி என்ற சிற்றரசன் படையெடுத்து வந்தான்; அரசர் தர்மவங்ச தெகு மாண்டார்; இளைஞனான ஐர்லங்கா, நரோத்தமன் என்ற துணைவனோடு காட்டுக்குள் ஓடி முனிவர்களிடம் அடைக்கலம் புகுந்தான். எரியும் மலையைப் பற்றி அங்கே பேச்சில்லை. அது போரின் கதை, அதுவும் கிழக்கு ஜாவாவில் நடந்தது.

மூன்றாவது: அரசு கிழக்கே போனதற்கும் இந்தப் பிரளயத்துக்கும் நடுவே குறைந்தது 75 ஆண்டுகள். சிண்டோக் என்ற அரசர் 929-லேயே கிழக்கு ஜாவாவிலிருந்து கல்வெட்டு வெளியிடுகிறார். 1006 ஆனாலும் 1016 ஆனாலும், நடு ஜாவாவில் அழிவதற்கு அப்போது அரண்மனை ஏதும் இல்லை.

ஆக, கல் தன் சாட்சியத்தை விலக்கிக்கொண்டது. ஆனால் கோயில்கள் புதைந்தது கதையில்லை. அது கண்ணெதிரே இருக்கிறது. 1966-ல் யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே சம்பிசாரி என்ற ஊரில் நிலத்தைக் கொத்திய ஓர் உழவரின் மண்வெட்டி, செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டத் தோண்ட, நிலமட்டத்துக்கு ஏறத்தாழ ஆறரை மீட்டர் ஆழத்தில் ஒரு முழுச் சிவன் கோயில். கருவறையில் லிங்கம், வெளிச்சுவர் மாடங்களில் வடக்கே துர்க்கை, கிழக்கே பிள்ளையார், தெற்கே அகத்தியர். பொதிகை முனிவரை ஜாவாவின் சேற்றுக்கடியில் காண்பது ஒரு தமிழ் வாசகரை எப்படி உலுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1993-ல் மணல் அள்ளியவர்கள் கெடுலான் கோயிலைக் கண்டார்கள். 2009 டிசம்பரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கிம்புலான் கோயில் வெளிப்பட்டது.

கல் பேசவில்லையென்றால் மண்ணைத்தான் கேட்க வேண்டும். அதற்கு அந்தச் சேறு எப்படி ஓடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜாவாக்காரர்கள் அதை லகார் என்கிறார்கள். உலகமும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது. எரிமலை கக்கிய சாம்பலும் கல்லும் தண்ணீரோடு கலந்து பள்ளத்தாக்கில் இறங்குவதுதான் லகார். தண்ணீர் பல வழியில் வரலாம்: உச்சியில் உறைந்த பனி உருகலாம், எரிமலை வாய் ஏரி உடையலாம், வெறும் மழையே போதுமானதாகவும் இருக்கலாம். மெராபியில் பெரும்பாலும் மழைதான். வெடிப்புக்குப் பின் சரிவெங்கும் நுண்சாம்பல் படிந்து மேல்தோல் இறுகிவிடுகிறது. மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. ஓடும் நீர் சாம்பலை அரித்துக் கனக்கிறது. கனத்த நீர் கல்லைப் புரட்டுகிறது. புரண்ட கல் கரையை இடிக்கிறது. இறங்க இறங்க அதன் கொள்ளளவு பெருகும். ஆற்று வெள்ளத்திலிருந்து லகாரைப் பிரித்துக் காட்டுவது இந்தக் குணம்தான்.

முற்றிய லகார் ஈரக் கான்கிரீட் கலவை போலிருக்கும். கன அளவில் பாதிக்கு மேல் கல்லும் மண்ணுமாகவே இருப்பதால், அதன் அடர்த்தி தண்ணீரைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. லாரி அளவுப் பாறைகள் அதில் பாதி மிதந்தபடி வரும். பெரிய கற்கள் மேலே எழும்பி, வேகமான மேற்பரப்பால் முன்னுக்குத் தள்ளப்படுவதால், முகப்பே நகரும் பாறைச் சுவராக இருக்கும். செங்குத்தான ஓடையில் மணிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகம். மனிதரால் ஓடித் தப்ப முடியாது. ஓடையை விட்டு விலகி மேட்டில் ஏறினால் மட்டுமே தப்பலாம்.

ஆழமான பள்ளத்தாக்குக்குள் இருக்கும்வரை அது ஊரைத் தொடாது. சரிவு குறைந்து கரை தாழும் இடத்தில்தான் பரவும். பரவிய இடத்தில் வேகம் இழந்து, சுமந்து வந்ததை அப்படியே போடும். பெரியது சிறியது என்று தரம் பிரியாமல், பாறையும் மணலும் கரிக்கட்டையும் ஒன்றாகக் கிடக்கும் படுகை அது. நிலவியலாளர் லகாரை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். படுகையால் ஆற்றின் தரை உயர்கிறது. அடுத்த லகாருக்குப் பழைய வழியில் இடமில்லை. அது கரை மீறிப் புதிய வழி தேடும். போன ஆண்டு பாதுகாப்பாக இருந்த தெரு இந்த ஆண்டு ஆறாகும்.

ஒரே இரவில் கொல்லும் லகாரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மூடும் லகாரும் உண்டு. என் வழக்குக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

முதல் வகைக்குக் கொலம்பியாவின் நெவாதோ தெல் ரூயிஸ். 1985 நவம்பர் 13 இரவு ஒன்பது மணியளவில் உச்சி வெடித்துப் பனியை உருக்கியது. அளவில் அது பெரிய வெடிப்பே அல்ல. இரண்டரை மணி நேரம் கழித்து, எரிமலை வாயிலிருந்து 74 கி.மீ. தொலைவிலிருந்த அர்மேரோ நகரைச் சேறு மூடியது. இறந்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். ஆவணம் தேடுபவனாக என்னால் தாங்க முடியாத செய்தி வேறொன்று. 1595-ல் அதே பள்ளத்தாக்கில் சேறு இறங்கியதைப் பாதிரியார் பெத்ரோ சிமோன் எழுதி வைத்திருந்தார். 1845-ல் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்ற சேற்றைப் பற்றி ஹொவாகின் அகோஸ்தா பாரிசின் அறிவியல் கழகத்துக்கு எழுதி, 1846-ல் அது அச்சிலும் வந்தது. அந்த 1845 படுகையின் மேல்தான் பின்னர் அர்மேரோ எழுந்தது. அபாய வரைபடமும் 1985 அக்டோபரிலேயே தயார். அர்மேரோ சேற்றின் வழியில் இருப்பதை அது காட்டியது. இரண்டரை மணி நேரம் என்பது மேட்டுக்கு நடந்து போகப் போதுமான நேரம். நகரை வெளியேறச் சொல்லும் முடிவுதான் அந்த நேரத்துக்குள் அர்மேரோ மக்களைச் சென்றடையவில்லை.

எரிமலை இல்லாவிட்டாலும் இதே இயக்கம் நம் மலைகளில் நடக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலையில் பெட்டிமுடி தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மேல் மலைச்சரிவு கல்லும் சேறுமாக இறங்கி 70 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தங்கள் லயம் ஓர் ஓடையின் வாயில் நிற்கிறது என்று அந்தக் குடும்பங்களுக்கு வரைபடம் வைத்துச் சொன்னவர் யார்? அர்மேரோவைப் படித்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இரண்டாம் வகைக்குப் பிலிப்பைன்சின் பினட்டுபோ. 1991 ஜூன் 15 வெடிப்பு, பள்ளத்தாக்குகளில் 5 முதல் 6 கன கிலோமீட்டர் தளர்ந்த சாம்பலையும் கல்லையும் குவித்துவிட்டுப் போனது. வெடிப்பு ஓய்ந்தும் ஒவ்வொரு மழைக்காலமும் லகார் வந்தது. பகோலோர் நகரின் பெரும்பகுதி புதைந்தது நான்கு ஆண்டு கழித்து, 1995-ல். அங்குள்ள சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரத்துக்கு மூழ்கியது. மக்கள் உள்ளே புதுத் தரை போட்டு, பழைய சன்னலை வாசலாக்கி வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். மெராபியிலும் 2010 வெடிப்பு முடிந்து, 2011 தொடக்கத்தில் பூத்தி ஆற்று லகார்கள் மகெலாங்–யோக்யகர்த்தா நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்ப அறுத்தன.

இப்போது சம்பிசாரிக்குத் திரும்பலாம். கோயில் முற்றிலும் புதைந்திருந்தும் மாடச் சிற்பங்கள் தம் இடத்திலேயே நின்றன. பாறைச் சுவராக வந்து மோதியிருந்தால் அகத்தியர் அங்கே நின்றிருக்க மாட்டார். மெராபியிலிருந்து அவ்வளவு தூரம் வருவதற்குள் பாறைகளை வழியில் போட்டுவிட்டு, மணல் கனத்த வெள்ளமாக மெலிந்து, தவணை தவணையாகப் படிந்திருக்கிறது அந்தச் சேறு. கெடுலானைச் சுற்றிய மண்ணிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படுகைகள்.

2000-ல் கிறிஸ் நியூஹாலும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து மெராபியின் 10,000 ஆண்டு வெடிப்பு வரலாற்றை வெளியிட்டார்கள். 1991-ல் பினட்டுபோவை விடாமல் கவனித்து மக்களை வெளியேற்ற உதவிய குழுவில் இருந்தவர் நியூஹால். தளர்ந்த சாம்பல் மழையில் என்ன செய்யும் என்று நேரில் கண்டவர். படுகைகளில் கிடைத்த கரித்துண்டுகளின் கார்பன் காலக்கணிப்பு, 1006-ல் நாட்டையே மூடிய ஒற்றைப் பேரழிவு என்ற கருத்துக்கு இடம் தரவில்லை. கோயில்கள் கட்டப்பட்ட நூற்றாண்டுகளிலும் அதற்குப் பின்னும் மெராபி திரும்பத் திரும்ப வெடித்திருக்கிறது; கோயில்கள் புதைந்ததும் பல காலங்களில் நடந்திருக்கிறது. வான் பெம்மெலனின் மடிந்த குன்றுகளும் மெராபியை விட மிகப் பழைய எரிமலைப் பாறைகள்தான்.

அப்படியானால் 929-க்கு முன் மாதராமுக்கு என்ன நேர்ந்தது? கெடுலான் அருகே 869-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் கிடைத்தன. ஓர் அணையையும் கோயிலுக்கான நில வரியையும் பற்றியவை. அணை இருந்தால் வாய்க்கால் இருக்கும், வாய்க்கால் இருந்தால் வண்டல் இருக்கும். நம் செங்கல்பட்டுப் பக்கத்தில், ஏறத்தாழ மாதராமின் கடைசி ஆண்டுகளில், 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சபை ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டியது. ஏரியில் வண்டல் எடுக்க முதல் ஒதுக்குவது தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் காணும் செய்தி. பாலாற்று வண்டலோடு ஒரு சபையால் போராட முடியும். ஒரே மழையில் வாய்க்காலைத் தூர்த்து, ஆற்றையே வேறு வழிக்குத் திருப்பும் மெராபியின் மணலோடு எந்தச் சபை போராடும்? வயல் தூர்ந்தால் வரி குறையும், வரி குறைந்தால் கோயில் திருப்பணி நிற்கும். மாதராம் தளர்ந்ததில் சேற்றுக்குப் பங்கு உண்டென்றால் அது இந்த வழியாகத்தான் என்பது என் கணிப்பு.

மக்கள் மலைக்குப் பயந்து ஓடினார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சிண்டோக் போய்க் குடியேறியது பிரந்தாஸ் ஆற்று நாட்டில். அந்த ஆறு சுற்றிவருவது கெலூத் எரிமலையை. உச்சியில் ஏரியைச் சுமந்து நிற்கும் கெலூத்தின் லகார்கள் மெராபியினுடையவற்றை விடக் கொடியவை: 1919 மே மாதத்தில் சுமார் 4 கோடி கன மீட்டர் ஏரிநீர் வெடிப்பில் வெளியேறி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிறகு டச்சுப் பொறியாளர்கள் மலையைக் குடைந்து ஏரியை வடித்தார்கள்; அடுத்து 1951-ல் வெடித்தபோது இறந்தவர்கள் சிலரே. அந்த வெடிப்பில் வடிகால் கெட்டு ஏரி மறுபடி பெருகியது; 1966 லகார்கள் 200-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டன. எரிமலையிலிருந்து தப்ப நினைத்த அரசு போய்ச் சேரும் இடமல்ல அது. ஐர்லங்காவே பிரந்தாஸ் வெள்ளத்தை அடக்க வரிங்கின் சப்தாவில் அணை கட்டியதை 1037-ஆம் ஆண்டுக் கமலாக்யான் கல்வெட்டு சொல்கிறது.

இன்னொரு கல்லும் இதற்குத் துணை நிற்கிறது. சிண்டோக்குக்கு முந்திய அரசர் வாவா 928-ல் வெளியிட்ட சங்குரான் கல்வெட்டு கிழக்கு ஜாவாவின் மாலாங் பக்கத்தைச் சேர்ந்தது. நடு ஜாவாவின் கடைசி அரசர் என்று எண்ணப்படுகிறவரின் கை அப்போதே கிழக்கில் இருந்திருக்கிறது. ஓரிரவில் எழுந்து ஓடிய அரசாக எனக்கு அது தோன்றவில்லை. ஆற்று வணிகமும் தூராத வயலும் இருந்த பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்த அரசு. சங்குரான் கல்லையும் ராஃபிள்ஸ் காலத்தில் பெயர்த்தெடுத்தார்கள். கல்கத்தாவில் தலைமை ஆளுநராக இருந்த மிண்டோ பிரபுவுக்கு அனுப்பப்பட்டு, அவர் குடும்ப நிலத்துக்காக ஸ்காட்லாந்து போய்விட்டது. வழக்கின் இரண்டு முக்கியச் சாட்சிகளில் ஒன்று கல்கத்தாவுக்கும் மற்றொன்று ஸ்காட்லாந்துக்கும் போய்விட, ஜாவாவில் மிஞ்சியது சேறுதான். அதைப் படிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.